களத்து மேட்டுக்கு ஒரு சின்னத் திரை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கரையைத் தொட்டதும் தளர்ந்துவிடும் என்றுதான் சேலத்தில் இருந்த நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல உள்ளே நகர்ந்து வந்து ஊத்தங்கரையிலும் ஏற்காட்டிலும் கொட்டித் தீர்த்தது. ஏற்காட்டில் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பி இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், அந்த மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு சிமெண்டுக் களம். அந்த வாரம் களத்தில் காயப் போட்டிருந்த காப்பிப் பழம் அத்தனையும் பூசணம் பிடித்துப் போனது. புயல் செய்தி அவருக்குத் தெரியாமல் இல்லை. "டிவியில சொன்னாங்க கண்ணு. நம்ம களத்துக்கு எப்ப வரும்னு யாரு சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. 2025 ஆடி மாதம் கோரிமேட்டில் என் வீட்டு மொட்டை மாடியில் வேலையைத் தொடங்கினேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் ஒரு திரை. அதில் களத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று தகவல்கள் மட்டும். இதுதான் திட்டம்.

போனில் வானிலை விட்ஜெட் (முகப்புத் திரையிலேயே தகவல் காட்டும் சின்னக் கட்டம்) வைத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். களத்தில் சிக்னல் கிடையாது. பழம் பிசுபிசுக்கும் கையோடு போனைத் தொடவும் முடியாது. அப்புறம் இன்னொன்று: போன் விட்ஜெட் காட்டும் எண் எப்போது எடுத்தது என்பது பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டில் விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் குறைந்தபட்ச இடைவெளியே அரை மணி நேரம். சிக்னல் இல்லாத இடத்தில் பழைய எண் அப்படியே நிற்கும். இந்தச் சங்கடம் என் கருவியிலும் வந்து நிற்கப்போகிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வாங்கியது 0.96 அங்குல ஓஎல்இடி திரை, 128க்கு 64 புள்ளி. மேசை மேல் வைத்தால் பளிச்சென்று இருந்தது. மாடிக்கு எடுத்துப்போய்ப் பகல் வெயிலில் பிடித்தால் கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது. அதை ஓரம் வைத்துவிட்டு 2.13 அங்குல மின்தாள் (இ-பேப்பர்) திரைக்கு மாறினேன். இதில் 250க்கு 122 புள்ளிகள். வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தெளிவு, அச்சடித்த காகிதம் போலவே. எழுதும் நேரத்தில் மட்டும்தான் மின்சாரம் வேண்டும். எழுதியபின் மின்சாரத்தைத் துண்டித்தாலும் படம் அப்படியே இருக்கும். எனக்கு அப்போது மிகவும் பிடித்த குணம் அது.

மூளைக்கு இ.எஸ்.பி 32 என்ற மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ரேடியோவும் சேர்ந்த சின்னக் கணினிச் சிப். உணரிக்கு பி.எம்.இ 280: வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் ஒரே சிப் அளக்கும். முதலில் வந்து சேர்ந்த உணரியில் ஈரப்பதம் மட்டும் எப்போதும் பூஜ்யம். இரண்டு நாள் என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். பிறகு சிப்பின் அடையாள எண்ணைக் கேட்டுப் பார்த்தபோது ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 58 என்று பதில் வந்தது. அது ஈரப்பதமே அளக்காத பி.எம்.பி 280. பி.எம்.இ என்றால் ஹெக்ஸ் 60 வர வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், விலைதான் வேறு. வாங்கியவுடன் முதல் வேலையாக இந்த எண்ணைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றில்லை. ஆனால் களத்தில் நின்று ஒரு நொடி பார்க்கும் திரை, யோசிக்காமல் கண்ணில் ஏற வேண்டும். அதனால் தமிழ்தான் என்று முடிவு செய்தேன். "வெப்பம்" என்று எழுதச் சொன்னேன். திரையில் வந்தது வ, அதற்குப் பின்னால் தனியாக ஒரு கொம்பு, புள்ளிகள் எங்கோ மிதந்தன.

காரணம் எளிமையானது. யூனிகோடில் "வெ" என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிய வேண்டும். "கொ" என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிய வேண்டும். போனிலும் கணினியிலும் இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்தமைப்பு எஞ்சின் ஒன்று உள்ளே இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலரின் சின்னத் திரை நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று வந்த வரிசையில் வரைந்துகொண்டே போகும், அவ்வளவுதான். நமக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் "வெப்பம்" அங்கே ஏழு குறியீடு, யூடிஎஃப் 8 முறையில் 21 பைட்.

கொம்பை முன்னால் தள்ளும் நிரலை நானே எழுதத் தொடங்கி, ஓரளவு வேலையும் செய்தது. மூன்று இரவு போனபின் நிறுத்திவிட்டேன். இந்தத் திரையில் வரப்போகும் சொற்கள் மொத்தம் பதினைந்துகூட இல்லை. மாறுவது எண்கள் மட்டும்தான். அந்தச் சொற்களைக் கணினியிலேயே படமாக வரைந்து கருவிக்குள் வைத்துவிட்டால் போதும். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையும் பில்லோ நூலகமும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் இதற்குப் பயன்பட்டன. ஒரு எச்சரிக்கை: பில்லோவின் அடிப்படை அமைப்பும் கொம்பைப் பின்னால்தான் போடும். ராக்ம் என்ற எழுத்தமைப்பு உங்கள் கணினியில் இயங்குகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் உள்ளே ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு எஞ்சின் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். 80க்கு 24 புள்ளியில் ஒரு சொல் 240 பைட். எல்லாச் சொற்களும் சேர்ந்து நான்கு கிலோபைட்டைத் தாண்டவில்லை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் திரையில் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம், இடைப்பட்ட சாம்பல் இல்லை. 12 புள்ளி உயரத்தில் "காற்று" என்று எழுதினால் ற் மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு "காறறு" போலத் தெரிகிறது. ஈகாரத்தின் சுழியும் அடைந்துபோகிறது. 16க்குக் கீழே போகவே கூடாது என்று வைத்துக்கொண்டேன், முடிந்த இடங்களில் 24. எண்களுக்கு 40 புள்ளி. இந்தத் திரையில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சித்தப்பா கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் படிக்க அது போதுமானதாக இருந்தது.

இனி காற்றழுத்தம். நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதிகம் தப்பு செய்ததும் இதில்தான்.

அழுத்தம் குறைந்தால் மழை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு முன் இருந்த அளவோடு ஒப்பிட்டு, குறைந்தால் கீழ்நோக்கி அம்பு, அதோடு ஒரு மழைத்துளிப் படம் என்று போட்டேன். மாடியில் வைத்த முதல் வாரம் தினமும் மதியம் மழைத்துளி காட்டியது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. உணரி கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தேன், அதுவும் அதையே சொன்னது. கடைசியில் ஒரு வார எண்களைத் தாளில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. காலை பத்து மணி அளவில் ஒரு மேடு, மாலை நான்கு அளவில் ஒரு பள்ளம், இரவு பத்துக்கு மறுபடி மேடு, விடிகாலை நான்குக்கு மறுபடி பள்ளம். தினமும் இதே அலை.

வெயிலில் வளிமண்டலம் சூடேறுவதால் எழும் இந்த அலை, நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நம் பகுதிகளில் நன்றாகத் தெரியும். ஒரே நாளில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) வரை ஏறி இறங்கும். குளிர்நாடுகளில் இது மிகச் சிறியது. அங்குள்ளவர்கள் எழுதிவைத்த "மூன்று மணி நேர வீழ்ச்சி" கணக்கை இங்கே அப்படியே போட்டால், தினமும் மதியம் பொய்யாக மழை வரும். தீர்வு: இன்று இந்த நேரத்து அளவை, நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுவது. தினசரி அலை இரண்டு நாளிலும் ஒன்றே என்பதால் கழித்தால் காணாமல் போகும். மிச்சம் இருப்பதுதான் வானிலை. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று 24 மணி நேரத்துக்கு 144 எண்களைச் சேமித்தால் போதும். திரையில் "நேற்றைவிட" என்ற சொல்லும் அதன் பக்கத்தில் அம்பும் எண்ணும் வந்தன.

புரட்டாசியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினேன். சும்மா பார்ப்போம் என்று நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வைத்திருந்தேன். கோரிமேட்டில் அழுத்தம் 974. அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் எண் இறங்க ஆரம்பித்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது 853. காது அடைத்துத் திறப்பதை எண்ணாகப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன் ஒவ்வொரு வளைவுக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான்.

அந்த மகிழ்ச்சியிலேயே அடுத்த தப்பும் ஒளிந்திருந்தது. ஏற்காட்டு உயரத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடும். வீட்டுக்கும் களத்துக்கும் இடையே இருபது மீட்டர் இறக்கம். சித்தப்பா களத்துக்கு இறங்கினால் 2 கூடுகிறது, மேட்டு மிளகுக்கு ஏறினால் 3 குறைகிறது. நேற்றைவிட 2 குறைந்தால் கவனிக்க வேண்டும் என்று நான் வைத்திருந்த கணக்கை அவர் நடையே தினம் பத்து முறை கலைத்துக்கொண்டிருந்தது. உணரியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இந்த அளவுக்குப் பொருளே இல்லை.

அதனால் கருவியை இரண்டாகப் பிரித்தேன். உணரி வீட்டு இறவாணத்தில், வடக்குப் பார்த்து, வெயில் படாமல் நிலையாக இருக்கும். திரை மட்டும் பையில் போகும். இரண்டுக்கும் நடுவே இ.எஸ்.பி நவ் என்ற முறை: வைஃபை ரௌட்டர் இல்லாமலே இரண்டு இ.எஸ்.பி சிப்புகள் நேராகப் பேசிக்கொள்ளும், அதன் முதல் பதிப்பிலேயே ஒரு தடவைக்கு 250 பைட்வரை அனுப்பலாம். எனக்கு 20 பைட்கூடத் தேவைப்படவில்லை. பையில் இருப்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து "என்ன நிலவரம்?" என்று கேட்கும். வீட்டில் இருப்பது எப்போதும் விழித்திருந்து பதில் சொல்லும். வீட்டுப் பெட்டிக்குப் போன் சார்ஜரும் கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரியும்.

வீட்டுப் பெட்டியில் உணரியை முதலில் சிப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சிப்பின் சூட்டில் வெப்பம் மூன்று டிகிரி கூடுதலாகவும் அதனால் ஈரப்பதம் குறைவாகவும் காட்டியது. ஒரு சாண் நீள வயரில் வெளியே தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்ததும் சரியானது. நேரத்துக்கு டி.எஸ் 3231 கடிகாரச் சிப். மலிவாகக் கிடைக்கும் அதன் போர்டில், சார்ஜ் செய்யக் கூடாத சி.ஆர் 2032 பொத்தான் செல்லையும் சார்ஜ் செய்யப் பார்க்கும் ஒரு சுற்று இருக்கிறது. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுத்தான் செல்லைப் போட்டேன்.

திரைக்குப் பெட்டி, ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் சோப்பு டப்பா. மூடியை வெட்டித் திரையைப் பொருத்தினால் உள்ளே 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி கச்சிதமாக உட்கார்ந்தது. ஐப்பசி கடைசியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. மதியம் கோடை மழை போல ஒரே அடி. களத்தில் இரண்டு நாள் காய்ந்த பழம் நனைந்துவிட்டது. "உன்ர பெட்டி ஈரம் 62னு காட்டுச்சு கண்ணு. காத்து நல்லா காஞ்சிருக்குன்னு மேல மொளகு பாக்கப் போயிட்டேன்."

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். பெட்டியைக் கையில் வாங்கியபோதும் 62 என்றுதான் காட்டியது. பேட்டரியை அளந்தால் செத்துப்போயிருந்தது. அந்த 62 முந்தைய நாள் பகலில் எழுதியது. மின்சாரம் போனாலும் படம் நிற்கும் என்று நான் கொண்டாடிய அதே குணம், செத்த கருவியை உயிரோடு இருப்பது போலக் காட்டியிருக்கிறது. ஓஎல்இடி திரையாக இருந்திருந்தால் அணைந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கும். சித்தப்பா என்னைக் கோபிக்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேத்து போட்ட கணக்குன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கவில்லை. எனக்கு அன்று இரவு சரியாகச் சாப்பிட முடியவில்லை.

பேட்டரி ஏன் எட்டு நாளில் தீர்ந்தது என்பது எளிதில் கிடைத்தது. ஆழ்உறக்கத்தில் இ.எஸ்.பி 32 சிப் எடுப்பது 10 மைக்ரோஆம்பியர்தான். நான் நம்பியது அந்த எண்ணை. ஆனால் நான் போட்டிருந்தது பழகுவதற்கான முழு போர்டு. அதில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப், சிவப்பு விளக்கு மூன்றும் சேர்ந்து, சிப் தூங்கும்போதும் 10 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தன, ஆயிரம் மடங்கு. 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு எட்டு நாள் என்பது சரியான கணக்கே. வெறும் சிப் மாட்யூலும் எச்.டி 7333 ரெகுலேட்டரும் வைத்து மறுபடி சால்டர் செய்தேன். அந்த ரெகுலேட்டர் தாங்குவது 250 மில்லிஆம்பியர்வரை. ரேடியோ எழும்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் நின்றது. இரவு ஏழு மணியிலிருந்து காலை ஐந்துவரை முழுத் தூக்கம். கணக்குப்படி ஆறு மாதத்துக்கு மேல் வர வேண்டும். நான் ஒரு சாகுபடிக் காலத்துக்கு வந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

ஆனால் பேட்டரியை நீட்டித்ததோடு விட்டால் அதே தப்பு ஆறு மாதம் கழித்து வரும். திரையையே மாற்றி அடுக்கினேன். இப்போது பெரிய எண்ணாக மேலே இருப்பது ஈரமோ வெப்பமோ இல்லை. வீட்டுப் பெட்டி அளந்த நேரம். "11.40 நிலவரம்" என்று இருக்கும். சித்தப்பா கையில் எப்போதும் கடிகாரம் உண்டு. இரண்டுக்கும் கால் மணிக்கு மேல் வித்தியாசம் என்றால் கீழே உள்ளதை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நிரலே நின்றுபோனாலும் இந்த ஒப்பீடு அவர் கையில் இருக்கும். அரை மணி நேரம் வீட்டுப் பெட்டியிலிருந்து பதில் வராவிட்டால் எண்களை எல்லாம் அழித்துவிட்டு "தொடர்பு இல்லை" என்று எழுதும். பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு வந்தால், மிச்சம் இருக்கும் தெம்பில் திரை முழுக்க "சார்ஜ் போடவும்" என்று எழுதிவிட்டு உறங்கிவிடும், சார்ஜ் போடும்வரை எழாது. செத்தபின் திரையில் எது நிற்கும் என்பதைக் கருவி உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி அளவுக்கு இ.எஸ்.பியின் சொந்த அளவீட்டை அப்படியே நம்பாதீர்கள். என்னுடையது 0.1 வோல்ட் தள்ளிக் காட்டியது. மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்தினேன்.

மழைத்துளிப் படத்தையும் எடுத்துவிட்டேன். அன்று அடித்த மழை, மலை மேல் மதியம் திடீரென்று திரளும் மேகத்தின் மழை. அழுத்தத்தில் அதற்கு முன்னறிவிப்பு எதுவும் தெரியவில்லை. எண்களை எடுத்துப் பார்த்தேன், நேற்றைவிட 0.3தான் குறைந்திருந்தது. வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாகி வரும் நாட்களில் "நேற்றைவிட" எண் உதவும், இதற்கு உதவாது. அதன் இடத்தில் சித்தப்பா கேட்டபடி வேறொன்று வந்தது. காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியுமோ அந்த வெப்பத்தைப் பனிநிலை என்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். 18 டிகிரி, 90 சதவீதம் என்றால் பனிநிலை 16.3, இடைவெளி 1.7. இடைவெளி குறுகக் குறுக மூடுபனி நெருங்குகிறது, காய்ந்த கொட்டை திரும்பவும் ஈரத்தை இழுக்கத் தொடங்குகிறது. நான் சதவீதம் காட்டியபோது சித்தப்பாவுக்கு அது ஒட்டவில்லை. "பனிக்கு இன்னும் எவ்வளவு இருக்குது, அதைச் சொல்லு" என்றார். "பனிக்கு 1.7" என்று எழுதியதும் அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டுக்குக் கீழே இறங்கினால் பழத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட ஆள் கூப்பிடுகிறார். அந்த இரண்டு என்ற எண் அவர் கண்டுபிடித்தது, நான் சொன்னதில்லை.

மின்தாள் பற்றி இரண்டு விஷயம் விட்டுப்போனது. பகுதியாக மட்டும் புதுப்பித்துக்கொண்டே போனால் பழைய எண்ணின் நிழல் அடியில் தங்கும். 8 போய் 3 வந்த இடத்தில் 8 மங்கலாகத் தெரிந்தால் ஆபத்து. நான் ஒவ்வொரு தடவையும் முழுசாகவே புதுப்பிக்கிறேன், இரண்டு நொடி மினுக்கினால் பரவாயில்லை. எழுதி முடித்ததும் திரையை உறக்கத்துக்கு அனுப்பும் கட்டளையையும் மறக்காதீர்கள். அதை விட்டால் உள்ளே உயர் மின்னழுத்தம் நின்று திரை நாளடைவில் கெடும்.

போன ஞாயிறு போயிருந்தேன். சோப்பு டப்பா மூடியில் கீறல் விழுந்திருக்கிறது, அடுத்த முறை வேறு டப்பா எடுத்துப்போக வேண்டும். சித்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார், அடுப்படிக்கு. களத்தில் எந்த நாள் எந்தப் பழம் போட்டது, எத்தனை நாள் காய்ந்தது என்று காட்டினால் போதுமாம். பொத்தான் இரண்டு சேர்க்க வேண்டும், சொற்கள் ஐந்தாறு வரைய வேண்டும். "பார்ச்மெண்ட்" (மேல்தோல் உரித்து, உள் உமியோடு இருக்கும் காப்பிக்கொட்டை) என்ற சொல் 24 புள்ளியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று இன்று இரவு வரைந்து பார்க்கிறேன்.